என் மகள் இடத்தில் என் தம்பி மகள்

இதை எழுதுவதா வேண்டாமா என்று நான் தயங்கியது ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, வருஷக்கணக்கில். இந்தத் தொடரில் தாராவித் தண்ணீர்க் குழாய்ச் சண்டையை எழுதினேன். விக்ரோலியில் வாடகைக்கு இருந்த காலத்தை எழுதினேன். என் கல்யாணத்தைக்கூட எழுதிவிட்டேன். இதை மட்டும் ஒவ்வொரு வாரமும் தள்ளி வைத்தேன்.

எழுதினால் தம்பி குடும்பம் வாசிக்கும். எழுதாவிட்டால் எனக்கு வயிறு எரிகிறது. கோபம் அடங்கட்டும், பிறகு எழுதலாம் என்று ஜெபம் பண்ணிக்கொண்டு இருந்தேன். அது அடங்குகிற வழியாக இல்லை. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவள் நான். எழுத்தில் பிழை இருந்தால் ஆசிரியர் ஐயா திருத்திக்கொள்ளட்டும். கோபத்தைத் திருத்த வேண்டாம்.

பேனரில் என் முகம்

ஸ்டூல் மேல் ஏறி நின்று, தையல் கத்தரியால் என் முகத்தை நானே வெட்டி எடுத்தேன். அங்கிருந்துதான் சொல்ல வேண்டும்.

எங்கள் சந்து முனையில், கரண்ட் கம்பத்துக்கும் ரேஷன் கடைக்கும் நடுவே ஒரு பெரிய ஃபிளெக்ஸ் பேனர் கட்டியிருந்தார்கள். புது பிளாஸ்டிக் வாடை இன்னும் போகவில்லை. நடுவில் என் தம்பி மகள் ஷெரின், பந்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு சிரிக்கிறாள். ‘இந்திய ரக்பி அணியில் எங்கள் தாராவியின் மகள்’ என்று மேலே கொட்டை எழுத்து. கீழே கும்பிட்ட கையோடு வரிசையாக ஆம்பளைகள். ஓரத்தில் ஒரு வட்டத்துக்குள் நான். யாரோ ஒருவர் கல்யாண வீட்டில் எடுத்த படம், வாயில் சோறு இருக்கிறது. ‘வீராங்கனையின் அத்தை’ என்று போட்டிருந்தார்கள்.

ஷெரின் கைக்குழந்தையாகப் போய் வளர்ந்தது நியூசிலாந்தில். தாராவிக்கு அவள் விருந்தாளியாக வந்து போனவள். இந்தச் சந்தில் பிறந்து, இந்தச் சந்திலிருந்து விடியற்காலையில் பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு ஓடிய என் மகள் ரோஸி அந்தப் பேனரில் எங்கேயும் இல்லை.

சந்துக் கமிட்டி செல்வராஜ் ஓடி வந்தான்.

“யக்கா, என்ன செய்யுதிய? நேத்துதான கட்டுனோம்.”

“மொகம் என்னுது. நான் எடுத்துக்கிடுதேன். மிச்சத்த நீ வச்சுக்கோ.”

“நம்ம பிள்ளதானக்கா.”

“நம்ம பிள்ளதான். ஆனா எந்த நம்ம பிள்ளன்னு ஒரு வார்த்த கேட்டியா?”

அவன் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டான். நான் விழுந்துவிடுவேன் என்று பயம். ஃபிளெக்ஸ் லேசில் வெட்டுப்படாது. கத்தரி வழுக்கி வழுக்கி, என் கழுத்தோடு அந்த ‘அத்தை’யும் சேர்ந்து வந்துவிட்டது.

முன்னால் ஓடி பின்னால் எறிவது

ரக்பி என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது. ரோஸி பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது மாட்டுங்கா பக்கத்து மைதானத்துக்குச் சிலர் ஒரு நீட்டுப் பந்தோடு வந்தார்கள். ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாகச் சொல்லித் தருகிறோம் என்றார்கள். முதல் நாள் வந்து ரோஸி சொன்னது இது: “மம்மி, முன்னால ஓடணும், ஆனா பந்தப் பின்னாலதான் எறியணும்.” இது என்ன கிறுக்கு விளையாட்டு என்று சிரித்தேன்.

கோயிலில் பெண்கள் என்னைச் சீண்டாத ஞாயிற்றுக்கிழமை இல்லை.

“ஏ புஷ்பம், ஒம் மவ டவுசர் போட்டுக்கிட்டு ஆள முட்டித் தள்ளுதாளாமே?”

“தள்ளுறவளப் பத்தி ஏன் கவலப்படுதிய? விழுறவளப் பெத்தவ வந்து கேக்கட்டும்.”

வெளியே அப்படிச் சொன்னேன். உள்ளே பயம்தான். மே மாதத்தில் அந்த மைதானம் சுட்ட செங்கல் மாதிரி இருக்கும். முட்டித் தோல் வழன்று, குளிக்கிற தண்ணீர் சிவப்பாக ஓடும். கூட்டமாகப் பிடித்துத் தள்ளுகிற குவியலுக்குப் பின்னால் நின்று, பந்து வெளியே வந்ததும் எடுத்து எறிவதுதான் அவளுடைய இடம். உருவம் சின்னது, கை வேகம். “அவ கண்ணு முன்னாடியே பாத்துருது, கையி அப்புறந்தான் போவுது” என்பார் அவள் அப்பா. வடாலாவில் வெல்டிங் வேலை அவருக்கு. லீவு நாளில் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெயிலில் நின்று பார்ப்பார்.

ஒரு தடவை முட்டி விலகிவிட்டது. டாக்டர் கட்டுப் போட்டு, இனி ஆடுவது சந்தேகம் என்றார். புதன்கிழமை மாஹிம் மாதா கோயிலுக்குப் போனேன். வாசலில் மெழுகில் கை, கால், வீடு, குழந்தை என்று செய்து விற்பார்கள். எதற்கு வேண்டுதலோ அதை வாங்கி மாதா காலடியில் வைக்க வேண்டும். நான் மெழுகுக் கால் கேட்டேன். விற்கிறவள் இடதா வலதா என்று கேட்கவில்லை. நானே முட்டியில் நகத்தால் ஒரு கீறல் போட்டு மாதாவுக்கு அடையாளம் காட்டினேன். மாதா பார்த்துக்கொண்டாள். மறு மழைக்காலத்துக்குள் ரோஸி ஓடினாள்.

மாநில அணியில் எடுத்தார்கள். பிறகு இந்திய அணிக்கான பயிற்சி முகாமுக்கு அழைத்தார்கள். முகாமுக்குப் போனவர்கள் எல்லாரும் அணியில் இல்லை. அதிலிருந்து பொறுக்கித்தான் வெளிநாட்டுப் போட்டிக்குக் கூட்டிப்போவார்கள். அந்த ஒரு போட்டி ஆடிவிட்டால் அரசாங்க வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கலாம். வயது வரம்பு நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த முறை விட்டால் இனி இல்லை என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

பாஸ்போர்ட்டை மாற்றாதே என்றவள் நான்

என் தம்பி ராஜன் கப்பல் சமையல்காரனாகக் கிளம்பி, கடைசியில் நியூசிலாந்தில் ஒரு ஓட்டலில் நிலைத்தவன். அங்கே ரக்பி என்றால் நம் பையன்களுக்கு கிரிக்கெட் மாதிரி. ஷெரின் பள்ளிக்கூடத்திலேயே ஆடத் தொடங்கிவிட்டாள்.

கொஞ்ச வருஷம் முன்னால், அந்த ஊர்க் குடியுரிமை வாங்கலாமா என்று தம்பி என்னிடம் கேட்டான். “நீ என்னமும் செய்யி. பிள்ளைக்கு மட்டும் மாத்தாத” என்றேன். ஏன் என்றால் என் மகன் ஜெரால்டுக்கு அவள் முறைப்பெண். நாளைக்கு மருமகளாக வருகிறவள் விசா வாங்கிக்கொண்டா என் வீட்டுக்கு வருவாள்? எங்கள் ஆட்களுக்கு இப்படித்தான் புத்தி போகும். தம்பியும் அக்கா சொன்னால் மீற மாட்டான். அவளுக்கு இந்தியப் பாஸ்போர்ட்டே இருந்தது.

ஜெரால்டிடம் சொன்னபோது, “நா கேட்டனா மம்மி? அவ என்னய விட ஒரு சாண் ஒசரம். கட்டிக்கிட்டா என்னயத்தான் தூக்கி எறிவா” என்று சிரித்தான். அந்தப் பேச்சு அப்படியே கிடந்தது.

ஆனால் பாஸ்போர்ட் கிடந்துவிடவில்லை. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர்கள் இந்தியாவுக்கு ஆட முடியாது, இந்தியப் பாஸ்போர்ட் வேண்டும். அப்படி வைத்திருக்கிற பிள்ளைகளை வெளிநாடுகளில் தேடுகிறோம் என்று அந்த வருஷம் அணிக்காரர்கள் சொன்னார்கள். அதைக் கேட்டு முதல் ஆளாகத் துள்ளியது என் ரோஸிதான்.

“மைனி, நீயும் அனுப்பு”

மாமன் மகளை ரோஸி மைனி என்றுதான் கூப்பிடுவாள். அவளுக்கு ரோஸிதான் போன் போட்டாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன்.

“மைனி, ஒன் வீடியோவ அனுப்பு. ஓரத்துல ஓடுறதுக்கு ஆளு வேணும்ங்காங்க. நீ ஓரம், நா நடு. ரெண்டு பேரும் ஒரே ஜெர்சி. மஸ்த்தா இருக்கும்.”

ஷெரின் ஆடுவது மைதான ஓரத்தில் ஓடுகிற இடம். ரோஸியின் இடம் வேறு. அதனால் போட்டி என்ற நினைப்பே இரண்டு பிள்ளைகளுக்கும் இல்லை. வீடியோ போனது. பிடித்துவிட்டது.

பிறகு முகாமிலிருந்து ஒரு சாயங்காலம் ரோஸி போன் செய்தாள். நான் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன். மணியை விரலில் பிடித்தபடியே எடுத்தேன்.

“மம்மி, பேர் வாசிச்சுட்டாங்க.”

“ஒம் பேரு?”

“மைனி பேர வாசிச்சாங்க.”

“சரி, அவ ஓரம். நீ?”

“ஓரத்துல ஆளு நெறஞ்சுட்டாம். அவள எப்பிடியும் எடுக்கணும்னு எங் எடத்துல போட்டுட்டாங்க.”

“அவ அந்த எடத்துல ஆடியிருக்காளா?”

“பள்ளிக்கூடத்துல கொஞ்சம் ஆடுனாளாம். இன்னும் அவ ஃப்ளைட்டே ஏறல மம்மி. முகாம் முடியிற வர என்னய இருக்கச் சொல்லுதாங்க. மோதிப் பழகுற பைய பிடிக்கிறதுக்கு.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேறுதல் சொல்லத் தெரிந்திருக்கும்.

ஏக் ஹி கர் கி பாத் ஹை

நானும் ரோஸியின் அப்பாவும் சர்ச்கேட் பக்கம் ஒரு அலுவலகத்துக்குப் போனோம். தேர்வு செய்தவர்களில் ஒருவர் அங்கே இருப்பார் என்று கேள்விப்பட்டோம். பெயர் சொல்ல மாட்டேன். மரியாதையான மனிதர். உட்காரச் சொல்லி, டீ வரவழைத்தார். பேசியது எல்லாம் இந்தியில்.

லேப்டாப்பைத் திருப்பி ஷெரினின் வீடியோவைக் காட்டினார். பச்சைப் புல், மழை பெய்து நின்ற வானம், மேலிருந்து எடுத்த படம். நல்ல இடத்தில் நிறுத்தி மெதுவாக ஓட்டினார். என் தம்பி மகள் அழகாக ஓடினாள். அதை நான் மறுக்கவே மாட்டேன்.

“இத யாரு எடுத்தது?” என்று கேட்டேன்.

“அங்கே எல்லா கிளப்பிலும் எடுப்பார்கள்.”

“எம் மகளுக்கு இருக்கா?”

“அவளைத்தான் நேரிலேயே பார்க்கிறோமே.”

“நேருல பாத்து என்ன கொற கண்டிய?”

அவர் டீயைக் கலக்கினார். குறை ஒன்றும் இல்லை என்றார். வெளிநாட்டில் ஆடுகிறவர்களுக்கு எக்ஸ்போஷர் இருக்கிறது, அணிக்கு அது வேண்டும் என்றார். அந்த வார்த்தை எனக்குப் புரியவில்லை. அவள் அப்பாதான் தெரிந்த வரைக்கும் சொன்னார்: “வெளிநாட்டுக்குப் போயி ஆடுன பழக்கமாம்.”

“வெளிய கூட்டிட்டுப் போனாத்தான அந்தப் பழக்கம் வரும்? கூட்டிட்டுப் போறது நீங்கதான?”

நான் விடவில்லை. ஷெரின் வரட்டும், இரண்டு பேரையும் ஒரே மைதானத்தில் நிறுத்துங்கள், அதே பந்தை அதே குவியலிலிருந்து எடுத்து எறியச் சொல்லுங்கள், பார்த்துவிட்டு நீங்களே சொல்லுங்கள், என் மகள் குறைவு என்றால் நான் மாதா பேரில் சத்தியமாக வாயே திறக்க மாட்டேன் என்றேன். டிக்கெட் எல்லாம் பேர் போட்டு எடுத்தாகிவிட்டது, இனி ஆகாது என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, எங்களைச் சமாதானப்படுத்துகிற மாதிரி அந்த வார்த்தையைச் சொன்னார்.

“அரே பெஹன்ஜி, ஏக் ஹி கர் கி பாத் ஹை.”

எல்லாம் ஒரே வீட்டு விஷயம்தானே, இதில் என்ன இருக்கிறது என்று அர்த்தம்.

அவர் வீட்டில் இரண்டு பிள்ளை இருந்து, ஒருத்திக்கு வந்த சீட்டை இன்னொருத்திக்குக் கொடுத்தால் ஒரே வீடு என்று டீ குடிப்பாரா? நாட்டுக்கு ஆள் எடுக்கிறவர், என் குடும்ப உறவைச் சாக்காக எடுத்துக்கொள்ள யார் அவர்? டீயைத் தொடாமல் எழுந்து வந்தோம். ரயிலில் அவள் அப்பா ஜன்னலைப் பார்த்தபடி வந்தார். மாஹிமில் இறங்கியபோது மாதா கோயில் இருக்கும் பக்கம் பார்த்து நான் சிலுவை போடவில்லை. மாதாவோடும் அன்றைக்கு எனக்குச் சண்டை.

மகளா, மருமகளா

அவர் சொன்னதையே சந்து முழுக்கச் சொன்னார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எதிர்க் கோலியில், அந்த ஒற்றை அறை வீட்டில், இருக்கும் ஞானம் அக்கா எனக்கு நல்லதுக்குத்தான் சொன்னாள்.

“எதுக்குட்டி மொகத்தத் தூக்கி வச்சிருக்க? மகளா போனா என்ன, மருமகளா போனா என்ன? ஒன் வீட்டுக்குத்தான பேரு.”

“அப்ப நீங்க சோறு திங்க வேண்டாம்க்கா. ஒங்க மருமவ தின்னா போதும். ஒரே வீடுதான.”

இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை.

அந்தச் சூட்டோடுதான் பேனர் ஏறியது. அதில்தான் நான் கத்தரியோடு ஸ்டூலில் ஏறினேன். என் முகம் போன இடத்தில் ஒரு வட்ட ஓட்டை. அதன் வழியாக ரேஷன் கடைப் பலகை தெரிந்தது.

முகாம் முடிந்து, விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் இரண்டு பிள்ளைகளும் ஒன்றாக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஷெரின் தமிழைத் தட்டித் தடவித்தான் பேசுவாள். உள்ளே வந்ததும் கேட்டாள்: “அத்தை, பேனர்ல ஏன் ஓட்டை?”

“காத்து போறதுக்கு. இல்லைன்னா கிழிஞ்சிரும்.”

ரோஸி என்னை ஒரு பார்வை பார்த்தாள். விளைமீன் குழம்பு வைத்திருந்தேன். ஷெரினால் சாப்பிட முடியவில்லை, சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

“அத்தை, நான் சொன்னேன். ரோஸி கூட நின்னு ஆடுறேன், பார்த்து சொல்லுங்கன்னு. சார் வேண்டாம் சொல்லிட்டாங்க. எனக்கு இந்த இடம் சரியா தெரியாது. முகாம்ல ரோஸிதான் சொல்லிக் குடுத்தா.”

நான் ரோஸியைத் திரும்பிப் பார்த்தேன். “நீயா சொல்லிக் குடுத்த?”

“பின்ன? தெரியாம நின்னா மைனி கழுத்த ஒடிச்சுருவாளுக மம்மி. ஆட்டம்னா என்னன்னு நெனச்ச?” என்றாள் அவள், மீன் முள்ளை எடுத்து மைனியின் தட்டு ஓரத்தில் வைத்துக்கொண்டே.

பிள்ளைகள் வெளியே கிளம்பினால் பெரியவர்கள் நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டு அனுப்புவது எங்கள் வழக்கம். மறுநாள் ஷெரின் பையை இறக்கி வைத்துவிட்டு என் முன் முழங்காலிட்டாள். எனக்குக் கோபம் ஆறவில்லை. ஆனாலும் போட்டேன். என் கோபம் அந்தப் பிள்ளை மேல் இல்லை என்று கர்த்தருக்குத் தெரியும். ஆனால் மைதானத்தில் பை பிடித்துவிட்டு வந்த என் மகள் வாசலில் நின்று, மைனியின் பையை டாக்சியில் தூக்கி வைத்தாள் பாருங்கள். அதை எந்தத் தேர்வாளரும் வீடியோ எடுக்கவில்லை.

அங்கே போட்டியில் ஷெரினைக் கடைசிக் கொஞ்ச நேரம் மட்டும் இறக்கினார்களாம், அதுவும் ஓரத்தில். ரோஸியின் இடத்தில் வேறு யாரையோ ஆடவிட்டுச் சமாளித்தார்கள். அப்படியானால் அந்த இடத்துக்கு என்று ஒருத்தியைக் கூட்டிப்போகவே இல்லை. இதை எழுதும்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

இன்னொரு போன்

ரோஸிக்கு அரசாங்க வேலைக்கான வயது வரம்பு தாண்டிவிட்டது. இப்போது செம்பூரில் ஒரு மருந்துக் கம்பெனி குடோனில் வேலைக்குப் போகிறாள். மாநில அணிக்கு இன்னும் ஆடுகிறாள்.

போன மழைக்காலத்தில் மறுபடியும் முகாமிலிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள். இந்த முறை வெளிநாட்டிலிருந்து நிறையப் பிள்ளைகள் வருகிறார்களாம். இங்கத்துச் சாப்பாடு, வெயில், மற்ற பிள்ளைகளின் பேச்சு எதுவும் அவர்களுக்குப் பழக்கமில்லை. ரோஸி போனமுறை அழகாகப் பார்த்துக்கொண்டாளாம். வந்து உதவ முடியுமா என்று கேட்டார்கள்.

நான் வாயைத் திறக்கப் போனேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“வரேன் சார். தேர்வுக்கா, உதவிக்கா?” என்று இந்தியில் கேட்டாள்.

அணி கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது என்றார் போன் செய்தவர்.

“யாராவது வந்து எறங்கியிருக்காங்களா சார்?”

இல்லை, அடுத்த வாரம்தான் வருகிறார்கள் என்றார்.

“அப்ப அவங்க வந்ததும் எங்களோட நிக்க வச்சுப் பாருங்க. அதுக்குன்னா நான் லீவு போட்டு வரேன். பை பிடிக்கிறதுக்கு வர மாட்டேன்.”

போனை வைத்துவிட்டு, சட்டைக்குப் பித்தான் போட்டு, செம்பூர் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். அவர்கள் திரும்பக் கூப்பிடவில்லை.

வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். இதை நீங்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். விளையாடுகிற பெண் பிள்ளை உள்ள வீட்டில் கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் நான் சொன்ன மாதிரியே சொல்லுங்கள். ஷெரினைக் கெட்டவள் ஆக்காதீர்கள், அவள் கேட்க வேண்டியதைக் கேட்டாள். வெளிநாட்டுப் பிள்ளைகளை எடுக்கக் கூடாது என்று நான் சொன்னதாகச் சேர்க்காதீர்கள், நான் அப்படிச் சொல்லவில்லை. என் மகள்தான் பெரிய ஆட்டக்காரி என்றும் சொல்லாதீர்கள். அவள் பெரியவளா சின்னவளா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது. மைதானம் இருந்தது, பந்து இருந்தது, இரண்டு பிள்ளைகளும் தயாராக நின்றார்கள். பார்க்க வேண்டியவர்கள் பார்க்கவில்லை. அதை மட்டும் ஒரு எழுத்து கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள்.